பாலவாக்கத்தில் ஒரு மாப்பிள்ளை சம்பா!

போன வருஷம் பொங்கல் லீவு முடிந்து ஆபீஸ் திறந்த முதல் நாள். லஞ்ச் நேரம். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான் நண்பன். பத்து வருஷமாகப் பக்கத்து சீட். கடன் கேட்கப் போகிறான் என்றால் முகத்திலேயே தெரிந்துவிடும். காதல் என்றாலும் தெரிந்துவிடும். இது இரண்டிலும் சேராத பார்வை.

"மச்சி... விஸ்கி தயாரிக்கலாம்னு இருக்கேன்."

என் தொண்டையில் எலுமிச்சை சாதம் சிக்கிக்கொண்டது.

"சும்மா விஸ்கி இல்லடா. நம்ம பாரம்பரிய நெல்லு இருக்குல்ல... மாப்பிள்ளை சம்பா, கருப்பு கவுனி, காட்டுயானம்... இதை ஆர்கானிக்கா, ஒரு பிடி யூரியா போடாம விளைவிச்சு, அதுலேர்ந்து சரக்கு! உலகத்துல எவனும் பண்ணல. மதுராந்தகம் பக்கம் ரெண்டு ஏக்கர் குத்தகைக்குக் கிடைக்குது. பி.எஃப். பணத்தை எடுத்துடலாம்னு இருக்கேன். நீ ஒரு ரெண்டு லட்சம் போட்டா பார்ட்னர்."

பி.எஃப். பணம் எடுக்கும் ஃபாரத்தில் வீடு, மருத்துவம், கல்யாணம், படிப்பு என்று பல காரணங்கள் உண்டு. விஸ்கி என்று ஒரு கட்டம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் கவலை அது இல்லை. என் பேரில் பாங்கில் ஒரு ஃபிக்ஸட் டெபாசிட் இருக்கிறது என்பதும், அது சரியாக இரண்டு லட்சம் என்பதும் அவனுக்குத் தெரியும். அது என் தங்கை கல்யாணத்துக்கு என்பதும் தெரியும். "கல்யாணத்துக்குள்ள நாலு லட்சமா திருப்பித் தர்றேன்டா" என்று கையைப் பிடித்துக்கொண்டான். பத்து வருஷ சிநேகிதம். மூஞ்சியில் அடித்த மாதிரி இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை.

"யாராவது விஷயம் தெரிஞ்சவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று இழுத்தேன்.

"எங்க பெரியப்பா இருக்காரே! அக்ரிகல்ச்சர் டிபார்ட்மென்ட்ல ரிடையர் ஆனவர். பாலவாக்கத்துல வீடு. ஞாயித்துக்கிழமை போலாம்."

இப்படித்தான் பாலவாக்கம் போனேன்.

பாலவாக்கத்தை நீங்கள் நூறு தடவை கடந்திருப்பீர்கள். மகாபலிபுரத்துக்கு பைக்கில் பறக்கும்போது, திருவான்மியூர் தாண்டி, கொட்டிவாக்கம் தாண்டி, நீலாங்கரை வருவதற்கு முன்னால் வருகிற ஊர் அது. ஒரு சிக்னல், நாலு ஃபர்னிச்சர் கடை, ஆறு பிரியாணிக் கடை என்று கண்ணில் பட்டு மறைந்துவிடும். இறங்கிப் பார்த்தால்தான் அது ஒரு ஊர் என்று தெரியும்.

திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தோம். மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஐந்து பேர். என் மடியில் யாரோ ஒருவருடைய காலிஃபிளவர். ரோட்டுக்கு மேற்கே போனால் பக்கிங்ஹாம் கால்வாய், அதையும் தாண்டினால் பெருங்குடியும் கம்ப்யூட்டர் கம்பெனிகளும். கிழக்கே போனால் ஐந்தே நிமிஷத்தில் கடல். நடுவில் கிழக்குக் கடற்கரைச் சாலை, எப்போது பார்த்தாலும் ஒரு பக்கம் தோண்டிப் போட்டபடி.

'வாக்கம்' என்பது பாக்கம். நெய்தல் நிலத்து ஊருக்குத் தமிழில் பழைய பெயர். கொட்டிவாக்கம், பாலவாக்கம், ஈஞ்சம்பாக்கம் என்று வரிசையாகக் கடலோரத்து ஊர்கள். 2011-ல் சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டாலும், தெருக்களில் இன்னும் மணல் போகவில்லை. ஷூ போட்டுக்கொண்டு போன நான் திரும்பி வரும்போது ஆளுக்குக் கால் கிலோ பாலவாக்கம் சுமந்து வந்தேன்.

அந்த மணல் சாமானியமானது இல்லை. திருவான்மியூரிலிருந்து தெற்கே முட்டுக்காடு வரை இந்த மணல்மேடுதான் மழையைக் குடித்து அடியில் நல்ல தண்ணீராகச் சேர்த்து வைத்திருக்கிறது. உப்புக் கடலுக்குப் பக்கத்திலேயே இனிப்புக் கிணறு. "விஸ்கிக்குத் தண்ணிதான்டா முக்கியம். ஸ்காட்லாந்துல எல்லாம் ஓடைத் தண்ணி. நமக்கு மணல் தண்ணி!" என்று நண்பன் குதூகலித்துக்கொண்டிருந்தபோது எங்கள் ஆட்டோவை உரசிக்கொண்டு ஒரு தண்ணி லாரி போயிற்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. மேலே ஆளுக்கொரு அபார்ட்மென்ட் கட்டி, கீழே ஆளுக்கொரு போர் போட்டால் மணல்தான் என்ன செய்யும்?

பெரியப்பா வீடு கடற்கரைப் பக்கத்துக் குறுக்குத் தெருவில். எழுபதைத் தாண்டியவர். வேட்டி, பனியன், காதில் ஒரு பென்சில். வந்த விஷயத்தைச் சொன்னதும் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "மொட்டை மாடிக்கு வாங்க" என்றார்.

மாடியில் ஒரு வயல்!

நீல பிளாஸ்டிக் டிரம்களைக் குறுக்கே அறுத்து, மண்ணும் மாட்டு எருவும் நிரப்பி, வரிசையாக நெல். கருப்பு கவுனி, தாள் கூடக் கொஞ்சம் கருநீலம். குழியடிச்சான், உப்புக்காற்றுக்கும் உப்பு மண்ணுக்கும் தாக்குப் பிடிக்கிற ரகம், இந்த ஊருக்குச் சொல்லி வைத்த மாதிரி. ஓரத்தில் ஏழடி உயரத்துக்கு ஒன்று, டிஷ் ஆன்டெனா கம்பத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிப் போடப்பட்டிருந்தது.

"காட்டுயானம். உள்ளே யானை நின்னா வெளியே தெரியாதுங்கறதால பேரு. ஆறு மாசப் பயிர். போன மாசம் அடிச்ச காத்துல சாஞ்சு பக்கத்து வீட்டு ஏ.ஸி. மேல படுத்துடுச்சு. ஒரே சண்டை" என்றார் பெரியப்பா.

நண்பன் உற்சாகமாகி செல்போனில் படம் எடுக்க ஆரம்பித்தான். பெரியப்பா ஒரு கவுனிக் கதிரை உருவி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். அப்புறம் அவர் பேசியது விஸ்கியைப் பற்றி இல்லை.

"நான் 1976-ல டிபார்ட்மென்ட்ல சேர்ந்தேன். ஐ.ஆர்.8 எல்லாம் எனக்குப் பத்து வருஷம் முன்னாடியே வந்தாச்சு. எங்க வேலை கிராமம் கிராமமா சைக்கிள்ல போய் 'இந்தப் பழைய நெல்லை விடுங்கய்யா, ஐ.ஆர்.20 போடுங்க, ஐ.ஆர்.50 போடுங்க, இவ்வளவு யூரியா போடுங்க'ன்னு சொல்றது. தப்புன்னு சொல்ல மாட்டேன். அன்னிக்குப் பசி. ரேஷன்ல கியூ. ஏக்கருக்கு இருபத்தஞ்சு, முப்பது மூட்டை காட்டுச்சு புது நெல்லு. பழசு பன்னண்டு, பதினஞ்சு. ஒரு பெரியவர், திருவாரூர் பக்கம், 'ஒரு மூலையில அரை மா மட்டும் என் பாட்டன் நெல்லைப் போட்டுக்கறேனே'ன்னு கேட்டார். நான் விடல. டார்கெட்! அந்த நெல்லு பேரு கூட எனக்கு இப்ப மறந்துபோச்சு."

டிரம்மில் தண்ணீர் ஊற்றியபடியே சொன்னார். நாங்கள் இருவரும் பேசவில்லை.

அந்தத் திருவாரூர் ஜில்லாவிலிருந்துதான் பிறகு ஒருவர் கிளம்பினார். 'நெல்' ஜெயராமன். 2003-ல் நம்மாழ்வாரோடு காவிரிக் கரையோரம் விவசாயிகளைப் பார்க்க நடந்த பயணத்தில் கையில் வந்து சேர்ந்த சில பாரம்பரிய ரகங்களில் ஆரம்பித்து, 174 ரகங்கள் வரை தேடிச் சேர்த்தார். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் வருஷா வருஷம் நெல் திருவிழா. அங்கே கணக்கு எளிமையானது: இரண்டு கிலோ விதை வாங்கிக்கொண்டு போனால், அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். (என் நண்பன் என் ஃபிக்ஸட் டெபாசிட்டுக்குச் சொன்ன அதே வட்டி!) நம்மாழ்வார் 2013 டிசம்பரில் போனார். ஜெயராமன் 2018 டிசம்பரில். இன்று மயிலாப்பூரிலும் அடையாறிலும் கடைக்குக் கடை கவுனி அரிசி கிடைக்கிறதென்றால் அதன் பின்னால் இந்த மாதிரி ஆட்களின் செருப்புத் தேய்மானம் இருக்கிறது.

"சரி, இப்ப உன் சரக்குக்கு வருவோம்" என்றார் பெரியப்பா. காதிலிருந்து பென்சில் இறங்கியது.

நண்பன் சொன்னதில் ஒரு விஷயம் தவறு. "உலகத்துல எவனும் பண்ணல" என்றான் அல்லவா? பண்ணியிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் ஐலே என்று ஒரு தீவு. அங்கே ப்ருக்லாடி என்கிற டிஸ்டிலரி, 'பேர்' என்ற ஆதிகாலத்து பார்லியைத் தேடிப்பிடித்து, ஆர்க்னி தீவு விவசாயிகளிடம் விளைவிக்கச் சொல்லி விஸ்கி செய்கிறது. விளைச்சல் புது ரகத்தில் பாதிதான். அந்தக் கம்பெனியை 2001-ல் மறுபடி திறந்தவர்களில் ஒருவரான மார்க் ரேனியர், பிறகு அயர்லாந்து போய் வாட்டர்ஃபோர்டில் ஒரு பழைய பீர் ஆலையை வாங்கி, இன்னும் ஒரு படி மேலே போனார். எந்த விவசாயி, எந்த வயல், எந்த வருஷம் என்று தனித்தனியாகக் காய்ச்சினார். மறைந்துபோன ரகங்களை ஒரு கைப்பிடி விதையிலிருந்து பெருக்கினார். 2020-ல் முழுக்க ஆர்கானிக் பார்லியில் ஒரு விஸ்கி விட்டார்.

"சூப்பர் பெரியப்பா! பாத்தியாடா?" என்று என் தோளில் தட்டினான்.

"2024 நவம்பர்ல கடன் கட்ட முடியாம ரிசீவர் கைக்குப் போயிடுச்சு" என்றார் பெரியப்பா.

தட்டிய கை அப்படியே நின்றது. என் ஃபிக்ஸட் டெபாசிட் கொஞ்சம் மூச்சு விட்டது.

ஆனால் பெரியப்பா நியாயஸ்தர். ஆர்கானிக் விஷயத்தில் நண்பன் பக்கம் ஒரு பாயிண்ட் இருக்கிறது என்றார். யூரியா அதிகமாகப் போட்டால் தானியத்தில் புரோட்டீன் ஏறும், மாவுச்சத்து விகிதம் இறங்கும். மாவுச்சத்துதான் சர்க்கரையாகி, சர்க்கரைதான் சாராயமாகிறது. அதனால் மால்ட் பண்ணுகிறவர்கள், உரம் தின்று கொழுத்த பார்லியை வாங்கத் தயங்குவார்கள். தவிர, நம் பழைய நெல்லெல்லாம் உயரம். யூரியா போட்டால் மேலே மேலே வளர்ந்து படுத்துவிடும். மாட்டு எருவோடு நிறுத்திக்கொள்வதுதான் அதற்கு மரியாதை.

அமெரிக்காவில், தென் கரோலினாவில், ஜிம்மி ரெட் என்று ஒரு சிவப்பு மக்காச்சோளம் இருக்கிறதாம். கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்கள் ரகசியமாகப் போட்டுக்கொண்டிருந்ததால் மட்டுமே அது பிழைத்தது. கடைசிக் காய்ச்சல்காரர் இறந்தபோது இரண்டே கதிர்தான் மிச்சம் என்று சொல்கிறார்கள். இன்று அதே சோளத்தில் லைசென்ஸோடு விஸ்கி வருகிறது. சட்டத்துக்கு வெளியே இருந்தவன் விதையைக் காப்பாற்றியிருக்கிறான், சர்க்கார் சைக்கிளில் போனவன் அழித்திருக்கிறான். பெரியப்பாவே சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்து கணக்கு. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டார்:

ஒரு ஏக்கரில் பாரம்பரிய நெல், எருவில், ஏறக்குறைய ஒரு டன். அரைத்தால் 650 கிலோ அரிசி. அரிசி ஒரு டன்னுக்கு சுமார் 450 லிட்டர் சுத்த ஆல்கஹால் வரும். ஆக 290 லிட்டர். பாட்டிலில் போடுகிற 42.8 சதவீதத்துக்குத் தண்ணீர் கலந்தால் 680 லிட்டர். முக்கால் லிட்டர் பாட்டிலாக 900.

"தொள்ளாயிரம் ஃபுல்லு!" என்று நண்பன் கண் விரித்தான்.

"இரு. நல்ல விஸ்கின்னா மரப் பீப்பாயில கிடக்கணும். ஸ்காட்லாந்துல சட்டமே மூணு வருஷம். அந்தக் குளிர்ல வருஷத்துக்கு ரெண்டு பர்சென்ட் ஆவியாப் போகும். தேவதைகள் பங்குன்னு அழகாச் சொல்லிக்குவான். பெங்களூர்லேயே பத்து, பன்னண்டு பர்சென்ட் போகுது."

உண்மை. 2004-ல் கிளாஸ்கோவில் போய் இந்திய சிங்கிள் மால்ட்டை விற்று வெள்ளைக்காரனை அசத்திய பெங்களூர் அம்ருத் கம்பெனி, தன் சரக்கு ஒன்றுக்குப் 'பேராசைக்காரத் தேவதைகள்' என்றே பெயர் வைத்தது. பாலவாக்கம் வெயிலில் தேவதைகள் தம்ளரோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வருஷம் பத்து பர்சென்ட் என்றே வைத்தாலும் மூன்று வருஷத்தில் 680 லிட்டர் 500 ஆகிவிடுகிறது. என் தங்கை கல்யாணம் அடுத்த தை.

ஆனால் அந்தக் காலண்டர் தாளில் எனக்கு உறுத்திய எண் வேறு. 650 கிலோ அரிசியை 900 பாட்டிலால் வகுத்தால், ஒரு பாட்டிலுக்கு முக்கால் கிலோ அரிசிகூட இல்லை. கிலோ நூறு ரூபாய் என்றாலும் எழுபத்திச் சொச்சம். டாஸ்மாக்கில் ஒரு ஃபுல் என்ன விலை விற்கிறது என்பதை இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாம் விஸ்கி என்று வாங்குவதில் பெரும்பாலானது தானியமே பார்க்காதது. கரும்பாலைக் கழிவுப் பாகான மொலாஸஸிலிருந்து எடுத்த ஸ்பிரிட். ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று லேபிள் ஒட்ட விடமாட்டார்கள். ரம்முக்குத் தம்பி முறை.

"நெல்லு விலை உனக்குப் பிரச்னையே இல்ல. லைசென்ஸ்!" என்றார் பெரியப்பா. 1937-ல் ராஜாஜி சேலத்தில் ஆரம்பித்த மதுவிலக்குச் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. 1971-ல் திறந்தார்கள், மூன்று வருஷத்தில் மூடினார்கள், 1981-ல் மறுபடி திறந்தார்கள், 1983-ல் டாஸ்மாக், 1987-ல் கள்ளும் சாராயமும் மறுபடி கட், 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையும் அரசே. ஊறுகாய் வியாபாரம் மாதிரி வீட்டுக்கு வீடு ஆரம்பிக்க இங்கே வழியே கிடையாது. கொல்லையில் ஒரு குடம் காய்ச்சினாலும் குற்றம். 2024-ல் சட்டத்தை இன்னும் இறுக்கிவிட்டார்கள். கள்ளச்சாராயத்தால் உயிர் போனால், காய்ச்சியவனுக்கு ஆயுள் தண்டனை வரை.

நண்பன் முகம் பொங்கலுக்கு மறுநாள் கரும்பு மாதிரி ஆகிவிட்டது. அவனைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. பெரியப்பாவுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். உள்ளே போய் ஒரு பழைய பத்துப்பாட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். உ.வே.சா. 1889-ல் முதன்முதலாக அச்சேற்றினாரே, அந்த நூல். (அவர் பெயரில் இருக்கும் நூல் நிலையமும் இங்கிருந்து கூப்பிடு தூரம், பெசன்ட் நகரில்.)

அதில் பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியை ஆண்ட இளந்திரையனைப் பார்க்கப் பாணனுக்கு வழி சொல்லும் பாட்டு. போகிற வழியில் எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று இவ்வளவு அக்கறையாக எழுதிய வழிகாட்டி வேறு கிடையாது. அதில் வலைஞர் குடியிருப்பில் ஒரு பானம் வருகிறது. நன்றாகத் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவைத்து, முளைகட்டிய நெல்லை இடித்துச் சேர்த்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விட்டு, விரலால் அலசிப் பிழிந்தெடுக்கிறார்கள்.

"முளை! புரியுதா? வெள்ளைக்காரன் பார்லியை முளைக்க வெச்சு மால்ட்டுங்கறான். அதே வேலை. தானியம் முளைக்கும்போது மாவைச் சர்க்கரையாக்கற சாமான் அதுக்குள்ள சுரக்குது. நெல் முளையில அது பார்லியைவிடக் கொஞ்சம் கம்மி. அதனாலதான் ஜப்பான்காரனும் ஓகினாவாக்காரனும் பூஞ்சணத்தை வெச்சு அந்த வேலையைச் செய்யறான். அஸ்ஸாம்ல திமாஸா ஜனங்க ஒரு செடியோட பட்டையை அரிசிமாவோட சேர்த்து வில்லை தட்டி வெச்சுக்கிட்டு அரிசி மது பண்றாங்க. ஜூடிமான்னு பேரு. 2021-ல அதுக்குப் புவிசார் குறியீடே கொடுத்தாச்சு. நம்மது பாட்டுலதான் இருக்கு."

"பாட்டுல மட்டுமா இருக்கு?" என்றார் பெரியம்மா, காபி டம்ளர்களைக் கொண்டு வந்து வைத்தபடி. "குப்பத்துல போய் அந்த ஆயாவைக் கேளுங்க. சுண்டக்கஞ்சின்னா என்னன்னு சொல்லும்."

பெரியப்பா வீட்டுக்கு மீன் கொண்டு வருகிற ஆயா. நாங்கள் போனபோது வெயில் சாய்ந்துவிட்டது. பாலவாக்கம் குப்பத்தில் கட்டுமரம் அருகிவிட்டது; மணலில் வரிசையாக ஃபைபர் போட்டுகள். இந்த மாதங்களில் ராத்திரியில் ஆமை வந்து முட்டையிட்டுப் போகும் கரை இது. ஒருபக்கம் காலேஜ் ஜோடிகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆயா வலைக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தது.

சுண்டக்கஞ்சி என்றதும் இடிப்பது நின்றது.

"நீங்க இன்னா, போலீஸா?"

பெரியப்பா பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்தபிறகுதான் சிரித்தது.

"என் மாமியா வெக்கும் நைனா. நொய்யரிசி, மிஞ்சிப்போன சோறு, அதுலதான். நல்ல அரிசியைத் தொட உடாது. பொட்டில கட்டி வெச்சாப்புல மூணு நாளு மூடி வெக்கும். கடலுக்குப் போயி வந்த ஆளுங்களுக்கு ஆளுக்கு ஒரு சொம்பு. துன்னுட்டுத் தூங்கிடுவாங்க. வம்பு கிடையாது, தும்பு கிடையாது. அம்மனுக்குக் கூழு ஊத்தற அன்னிக்கும் உண்டு. அப்புறம் போலீசு வந்து பானையை உடைக்க ஆரம்பிச்சாங்க. மாமியா பயந்துகினு உட்டுடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, எங்கியோலேர்ந்து டியூப்புல வந்துச்சு. பாக்கெட்டுல வந்துச்சு. எங்க ஊட்டுக்காரரு அதைக் குடிச்சாரு. ஒருநாளு கண்ணு தெரில கண்ணு தெரிலன்னு வந்தாரு. காலைல இல்ல. எனக்கு அப்ப முப்பது வயசு இருக்கும்."

வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டது ஆயா. வருஷம் என்ன என்று கேட்டேன். தெரியவில்லை. பெரிய பையன் மூன்றாவது படித்தானாம்.

கண் தெரியவில்லை என்றால் மெத்தனால். அரிசியைப் புளிக்க வைத்தால் அந்த அளவுக்கு வருகிற சாமான் இல்லை அது. ஃபாக்டரிக் கரைப்பானை யாரோ காசுக்காகக் கலப்பது. இதே ரோட்டில் தெற்கே போனால் மரக்காணத்துக்குப் பக்கத்தில் எக்கியார்குப்பம், இதே மாதிரி மீனவர் குப்பம். 2023 மே மாதம் அங்கேயும் செங்கல்பட்டு மாவட்டத்திலுமாக இருபதுக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேல். அத்தனையும் மெத்தனால்.

நண்பன்தான் பேச்சை மாற்ற நினைத்து, காலண்டர் தாளை எடுத்துத் தன் திட்டத்தைச் சொன்னான். மாப்பிள்ளை சம்பா, ஆர்கானிக், ஒரு பாட்டிலுக்கு முக்கால் கிலோ அரிசி. ஆயா கவனமாகக் கேட்டது.

"முக்கா கிலோ அரிசின்னா நாலு பேரு ஊட்டுல ஒரு நாளு சோறு. அதை அழிச்சு ஒருத்தன் ஒரு ராவுல குடிக்கறதா? அதுவும் மாப்புள சம்பாவா? புத்தி கெட்ட பையா" என்றது. திட்டு மாதிரி இல்லை, பேரனுக்குச் சொல்கிற மாதிரி. பிறகு வீட்டுக்குள் கூட்டிப்போய் மண்சட்டியில் பழைய சோறும், சுட்ட நெத்திலிக் கருவாடும், சின்ன வெங்காயமும் கொடுத்தது. நேற்று ராத்திரி தண்ணீர் ஊற்றிய சோறு, லேசாகப் புளிப்பேறி, நுனிநாக்கில் சுருக்கென்று. இன்னும் இரண்டு நாள் மூடி வைத்து வேறு சில கைவேலையும் செய்திருந்தால் இது எங்கே போயிருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். நண்பன் இரண்டு சட்டி சாப்பிட்டான்.

திரும்பும் ஷேர் ஆட்டோவில் அடையாறு வரை அவன் வாயே திறக்கவில்லை. இறங்கும்போது, "உன் டெபாசிட்டை உடைக்க வேணாம்டா" என்றான்.

ஆனால் ஆள் சும்மா இருக்கவில்லை. அந்த ஆடியில் மதுராந்தகம் பக்கம் ஏற்கெனவே எரு விவசாயம் செய்யும் ஒருவரோடு சேர்ந்து, அரை ஏக்கரில் மாப்பிள்ளை சம்பா போட்டான். விஸ்கிக்கு இல்லை, சோற்றுக்கு. பி.எஃப்.பிலிருந்து கை வைத்தது முப்பதாயிரம். நான் பார்ட்னர் இல்லை, வாடிக்கையாளர்: ஐயாயிரம் ரூபாய் அட்வான்ஸ். சனி ஞாயிறுகளில் போய்க் களை பிடுங்கி, திங்கட்கிழமை ஆபீஸில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நவம்பர் மழையில் ஒரு மூலை படுத்துவிட்டது. யூரியா போடாததால் மிச்சம் நின்றது என்று பெரியப்பா போனில் சொன்னார். வந்தது ஆறு மூட்டை. அவன் ஏழு எதிர்பார்த்திருந்தான்.

இந்தத் தை மாதம் தங்கை கல்யாணம் நடந்தது. முதல் வாரம் எங்கள் வீட்டுக்கு அரிசி வந்து சேர்ந்தது. சிவப்பாக, தடியாக. முன்காலத்தில் மாப்பிள்ளை இளவட்டக்கல்லைத் தூக்குவதற்கு இந்தச் சோறுதான் பலம் என்பார்கள். அம்மா இதை ராத்திரி ஊறவைக்க மறந்து காலையில் குக்கரில் வைத்துவிட்டு, பன்னிரண்டு விசிலுக்குப் பிறகும் அரிசி அப்படியே நிற்பதைப் பார்த்து, "கல்லைத் தூக்கறதுக்கு இல்லடா, இதுவே கல்லு" என்றாள். மறுநாள் ஊறவைத்து வடித்தபோது வீட்டு மாப்பிள்ளை மூன்றாம் தடவை சாதம் போட்டுக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஐந்து கிலோவை ஒரு பையில் போட்டுக்கொண்டு நானும் நண்பனும் மறுபடி பாலவாக்கம் போனோம். ஆயா பையைத் திறந்து ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தது. இரண்டு அரிசியை வாயில் போட்டுக் கடித்தது. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் மென்றது.

"கஞ்சிக்கு ரொம்ப நல்லா இருக்கும்" என்றது.

எந்தக் கஞ்சி என்று நாங்கள் கேட்கவில்லை.